320 ரன்னும் மனப்பாடம், நடுவில் கேட்டால் வழி வரவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், இப்போது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக மினிகேப் ஓட்டுகிறேன், எல்லாம் வழிகாட்டிக் கருவியான சாட்நாவ் சொல்கிறபடிதான். கறுப்பு டாக்சி பேட்ஜ் வாங்குவதற்காக நாலெட்ஜ் படிக்கத் தொடங்கி இரண்டரை வருடம் ஆகிறது. அதற்கான ப்ளூ புக் என்ற பாடப் புத்தகத்தில் உள்ள 320 ரன்னையும், அதாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் 320 வழிகளையும், மொபெட்டில் ஓடி முடித்தேன், எழுத்துத் தேர்வும் தேறிவிட்டேன். ரன்னை முதலிலிருந்து கேட்டால் தெருத் தெருவாகச் சொல்லிவிடுவேன். ஆனால் அப்பியரன்ஸ் என்ற நேர்முகத் தேர்வில் ஒரு ரன்னின் நடுவிலிருந்து இன்னொரு ரன்னின் நடுவுக்குப் போகச் சொன்னால் தலை வெறுமையாகிவிடுகிறது. தொடர்ந்து மூன்று தடவை கடைசித் தரமான 'டி' வாங்கிவிட்டேன். அதே ரன்னைத் திருப்பிக் கேட்டாலும் தடுமாற்றம். நிலத்தடி ரயிலை விட்டு வெளியே வந்தால் கிழக்கு எது மேற்கு எது என்று தெரிவதில்லை. வயது போய்விட்டதா? மூளையில் ஏதும் குறையா? எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பதில் மூளை நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. நேற்று வரை யோசிக்காமலே போய்வந்த வழியில், அதாவது வீட்டிலிருந்து கடைக்கு, பிள்ளையின் பள்ளிக்குப் போகிற வழியில், புதிதாகத் தடுமாற்றம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படி வந்தால் ஜிபியை, அதாவது குடும்ப மருத்துவரை, பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அல்சைமர் நோய் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று, வழி அறிய உதவும் மூளைப் பகுதியான எண்டோரைனல் புறணி. உங்கள் கதை வேறு. நீங்கள் 320 பஸ் ரூட்டுகளைப் படித்திருக்கிறீர்கள். லண்டனை இனிமேல்தான் படிக்க வேண்டும். இந்தப் பதில் முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

நாலெட்ஜ் பற்றித் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி: சேரிங் கிராஸை மையமாக வைத்து 6 மைல் ஆரத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களையும், அவற்றில் உள்ள ஆயிரக்கணக்கான 'பாயிண்ட்'களையும், அதாவது பயணி கேட்கக்கூடிய இடங்களையும், நினைவிலிருந்தே இணைத்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அப்பியரன்ஸ் முதலில் 56 நாளுக்கு ஒரு தடவை, பிறகு 28, பிறகு 21 என்று இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். லண்டன் பல்கலைக் கல்லூரியில் ஆராய்ந்த, 2025-இல் மறைந்த எலினோர் மக்வயர் 2000-ஆம் ஆண்டு 16 டாக்சி ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்தபோது அவர்களின் சராசரி வயது 44. நினைவுக்கும் வழிக்கும் அடிப்படையான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி, மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஓட்டிய வருடங்கள் கூடக்கூட அதுவும் கூடியிருந்தது. பிறவியிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் டாக்சிக்கு வந்தார்களோ என்ற கேள்விக்கு 2011-இல் விடை கிடைத்தது. நாலெட்ஜில் அப்போதுதான் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே படமெடுத்து வைத்திருந்தார்கள். தேறியவர்கள் 39 பேர். தொடக்கத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. சில வருடம் கழித்து எடுத்த படத்தில், தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தேறியவர்கள் வாரத்தில் படிப்புக்குக் கொடுத்த நேரமும் மற்றவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, வளர்ந்த மனிதரின் மூளையும் இதற்கு இடம் கொடுக்கிறது.

இன்னொரு ஒப்பீடுதான் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 2006-இல் அதே குழு டாக்சி ஓட்டுநர்களை லண்டன் பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டது. இருவருக்கும் அதே நெரிசல், அதே மன அழுத்தம், அதே அளவு அனுபவம். ஆனால் பஸ் ஓட்டுநர்களுக்கு அந்தப் பின்பகுதி பெரிதாகவில்லை. பஸ்ஸுக்கு வழி முன்பே முடிவாகிவிட்டது, அவர் அதைத் தேட வேண்டியதில்லை. 'இந்த முனை வந்தால் இடது, அந்த முனை வந்தால் வலது' என்ற பழக்கச் சங்கிலியை மூளையின் காடேட் என்ற பகுதி சுமக்கிறது. அது வேகமானது, களைப்பிலும் வேலை செய்வது, ஆனால் தொடக்கத்திலிருந்துதான் ஓடும். மந்திரத்தை நடுவில் நிறுத்தி அங்கிருந்து சொல்லச் சொன்னால் எப்படியோ அப்படி. உங்கள் ரன்கள் இப்போது அங்கேதான் இருக்கின்றன.

வரைபடம் இருப்பது ஹிப்போகேம்பஸிலும் அதை ஒட்டிய எண்டோரைனல் புறணியிலும். 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃப், எலியின் ஹிப்போகேம்பஸில் 'இடச் செல்'களைக் கண்டார். அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எலி நின்றால் மட்டும் துடிக்கும் செல்கள் அவை. ஒரு செல்லுக்கு வாசலோரம், இன்னொன்றுக்கு மூலை. 2005-இல் நார்வேயின் ட்ரோன்ஹைமில் மோசர் தம்பதியின் குழு எண்டோரைனல் புறணியில் வேறொன்றைக் கண்டது. அங்கே ஒரே செல் பல இடங்களில் துடித்தது, அந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால் தேன்கூடு போன்ற அறுகோண ஒழுங்கு. தரைமேல் வரைந்த அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் மருத்துவ நோபல் இந்த மூவருக்கும் கிடைத்தது. இவற்றோடு, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் திசைச் செல்களும், சுவர், கரை போன்ற எல்லைகளுக்கு அருகே துடிக்கும் எல்லைச் செல்களும் உண்டு. நாம் நகர நகர, எத்தனை தூரம், எந்தத் திசை என்று இந்தக் கூட்டம் கூட்டிக்கொண்டே வரும். அதில் பிழையும் சேர்ந்துகொண்டே வரும். தெரிந்த எல்லையையோ அடையாளத்தையோ தொடும்போது கணக்கு நேராகும்.

இதை வைத்து உங்கள் மூன்று சிக்கல்களையும் பார்க்கலாம்.

நடுவில் கேட்டால் வராதது ஏன்? ஒரே மாதிரியான இரண்டு அறைகளை ஒரு நடைவழியால் இணைத்து எலியை விட்டார்கள். முதல் நாட்களில் எண்டோரைனல் அளவுகோல் இரண்டு அறையிலும் தனித்தனியாக, ஒரே மாதிரி விரிந்தது. எலி திரும்பத் திரும்ப இங்கும் அங்கும் போய்வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து, இரு அறைகளையும் மூடும் ஒரே அளவுகோலாக மாறின. இணைப்பு தானாக வருவதில்லை, குறுக்கே போய்வந்தால்தான் வரும். உங்கள் 320 ரன்களும் 320 தனி அறைகள்.

ப்ளூ புக்கின் முதல் பக்கத்திலேயே இதைச் சோதிக்கலாம். ரன் 1 முடிவது கிப்சன் ஸ்கொயரில். ரன் 2 தொடங்குவது தார்ன்ஹில் ஸ்கொயரில். இரண்டும் இஸ்லிங்டனில்தான், இடையே அரை மைல் கூட இல்லை. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் கால் மைல் படித்திருப்பீர்களே, அந்த இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. புத்தகத்தைத் திறக்காமல் கிப்சன் ஸ்கொயரிலிருந்து தார்ன்ஹில் ஸ்கொயருக்குப் போகும் வழியைச் சொல்லிப் பாருங்கள். உடனே வந்தால் அந்த இரண்டு அறைகள் சேர்ந்துவிட்டன. 'ரன் 1, முடிந்தது. ரன் 2, தொடங்குகிறது' என்று மனம் பக்கத்தைப் புரட்டினால் சேரவில்லை.

திருப்பிக் கேட்டால் தடுமாறுவது ஏன்? திறந்த தரையில் எலியின் இடச் செல், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே இடத்தில் துடிக்கும். குறுகிய ஒற்றைப் பாதையில் விட்டால் போகும்போது ஒரு தொகுதி செல்கள், வரும்போது பெரும்பாலும் வேறொரு தொகுதி. தெருவும் ஒற்றைப் பாதைதான். போகும்போது பார்த்த ஹைபரி குரோவும் வரும்போது பார்க்கும் ஹைபரி குரோவும் உங்கள் மூளைக்கு இன்னும் இரண்டு தெருக்கள்.

ரயிலை விட்டு ஏறியதும் குழம்புவது எல்லோருக்கும் உள்ளது. நிலத்தடியில் படிக்கட்டும் வளைவுமாகத் திரும்பித் திரும்பி வரும்போது திசைச் செல்களின் கணக்கு நழுவிவிடுகிறது. வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுகிற அடையாளத்தை அவை பிடித்துக்கொள்கின்றன. அந்த அடையாளத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் ஒரு செல் மட்டும் தவறுவதில்லை. எல்லாச் செல்களும் சேர்ந்து அதே கோணத்துக்குத் திரும்பிவிடும், முழு லண்டனும் தொண்ணூறு டிகிரி சுழன்று நிற்கும். அதனால் வெளியே வந்ததும் நடக்கவோ வண்டியை எடுக்கவோ வேண்டாம். நீங்கள் நிச்சயமாக அறிந்த ஒரு தெருவின் பெயர்ப் பலகையைக் கண்டுபிடித்து, 'இது தெற்கு வடக்காக ஓடுகிறது, எனக்கு எதிரே வடக்கு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நகருங்கள். பத்து விநாடி வேலை.

இனிப் பயிற்சி. புது ரன் எதையும் தொட வேண்டாம். கையில் இருப்பதைத் தைப்பதுதான் அடுத்த மூன்று மாத வேலை.

முதலில் எலும்புக்கூடு. வெள்ளைத் தாளில் தேம்ஸை வரைந்து, வாக்ஸ்ஹாலிலிருந்து டவர் பிரிட்ஜ் வரை வாகனம் போகும் எட்டுப் பாலங்களைக் குறியுங்கள்: வாக்ஸ்ஹால், லாம்பெத், வெஸ்ட்மின்ஸ்டர், வாட்டர்லூ, பிளாக்ஃப்ரையர்ஸ், சதர்க், லண்டன் பிரிட்ஜ், டவர் பிரிட்ஜ். பெரும்பாலானோர் ஆற்றை மேற்கிலிருந்து கிழக்காக ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். மனம் வளைவுகளை நிமிர்த்திவிடும். 1970-களில் பாரீஸ்வாசிகளை வரையச் சொன்னபோதும் அவர்கள் சென் நதியை நிமிர்த்தித்தான் வரைந்தார்கள். உண்மையில் தேம்ஸ் வெஸ்ட்மின்ஸ்டரில் வடக்கு நோக்கி ஓடி, வாட்டர்லூ பிரிட்ஜ் அருகில்தான் கிழக்கே திரும்புகிறது. எனவே வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் 'தென்கரை'க்குப் போகிறவர் போவது கிழக்கே. இந்த ஒரு வளைவு தலையில் சரியாக உட்காராவிட்டால் ஆற்றைத் தாண்டும் வழிகளில் பாலத்தையே தப்பாகத் தேர்ந்தெடுப்பீர்கள்.

ஆற்றின்மேல் ஏ ரோடுகளை, அதாவது 'ஏ' என்ற எழுத்தும் எண்ணும் கொண்ட முதன்மைச் சாலைகளை, போடுங்கள். எண்கள் கடிகாரச் சுற்றில் போகின்றன: ஏ1 வடக்கே, ஏ2 தென்கிழக்கே, ஏ3 தென்மேற்கே, ஏ4 மேற்கே, ஏ5 வடமேற்கே. ஏ1-க்கும் ஏ2-க்கும் இடையில் கிழக்குப் பக்கம் 10, 11, 12, 13. உங்கள் வீட்டருகே ஓடுகிற பார்க்கிங் ரோடு ஏ124, அதனால்தான் அதுவும் ஒன்றில் தொடங்குகிறது. இந்த எலும்புக்கூட்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இரு பக்க ஹிப்போகேம்பஸும் பழுதான ஒரு முன்னாள் டாக்சி ஓட்டுநரைப் பற்றி 2006-இல் மக்வயர் குழு எழுதியிருந்தது. ஏ ரோடுகளிலேயே போகும் வரை அவருக்கு வழி தப்பவில்லை. அதை விட்டுச் சிறு தெருக்களுக்குள் இறங்க வேண்டிய இடத்தில்தான் தொலைந்தார். எலும்புக்கூடு ஊறிப்போனால் ஹிப்போகேம்பஸை அதிகம் சாராமலே நிற்கும். அப்போது ஹிப்போகேம்பஸ் தன் முழுக் கவனத்தையும் சந்துகளுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது, இடது வலதைத் திசையாக மாற்றுவது. இது உங்களுக்குப் புதிதல்ல. கோயிலைச் சுற்றி வடக்கு வீதி, மேற்கு வீதி என்று சொல்லும் ஊர் உங்களுடையது. தமிழ்நாட்டுக் கிராமத்தார் மேசைமேல் உள்ள பொருளைக்கூட 'வடக்கே இருக்கிறது' என்பார்கள், நகரத்தார் 'வலப்பக்கம்' என்பார்கள் என்று மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990-களில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை எழுப்புங்கள். ரன் 1-ஐ எடுத்துக்கொள்வோம். மேனர் ஹவுஸிலிருந்து கிரீன் லேன்ஸ், வலது பிரவுன்ஸ்வுட் ரோடு, இடது பிளாக்ஸ்டாக் ரோடு, நேரே ஹைபரி பார்க், நேரே ஹைபரி குரோவ், வலது செயின்ட் பால்ஸ் ரோடு, ஹைபரி கார்னர், அப்பர் ஸ்ட்ரீட் என்று ஒப்பிப்பீர்கள். அதையே திசையில் சொல்லுங்கள்: தெற்கு, மேற்கு, தெற்கு, தெற்கு, தெற்கு, மேற்கு, பிறகு மீண்டும் தெற்கு. தெற்கே இறங்குகிற வழி, இரண்டு இடத்தில் மேற்கே ஒதுங்குகிறது. அவ்வளவுதான். இப்போது திருப்பிச் சொல்வதில் சிரமமே இல்லை: வடக்கே ஏறு, இரண்டு இடத்தில் கிழக்கே ஒதுங்கு. இப்படி ஒரு நாளைக்கு நான்கு ரன். அதற்கு மேல் எடுத்தால் மறுபடி ஒப்பித்தல் ஆகிவிடும்.

மொபெட்டில் போகும் நாட்களில் ரன்னை முடித்ததும் அதே நாள் திரும்பியும் ஓடுங்கள். ஒருவழிப் பாதையும் திருப்பத் தடையும் மாற்றுகிற இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். முக்கியச் சந்திகளில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி, இறங்கி, வந்த தெருவைத் திரும்பிப் பாருங்கள். பிறகு நீங்கள் போகாத கிளைகளையும் பாருங்கள், 'இது எந்த ரன்னில் வருகிறது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணினியில் தெருப்படம் பார்ப்பது இதற்கு ஈடாகாது. இருந்த இடத்திலேயே ஓடி, திரையில் மட்டும் நகர்ந்த எலிகளில், துடித்த இடச் செல்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. உட்காதின் சமநிலை உணர்வும் கை கால் அசைவும் அந்தக் கணக்குக்குத் தேவை. கோணத்தையும் அங்கேயே கவனியுங்கள். மனம் எல்லாச் சந்தியையும் செங்கோணமாக்கிவிடும். இஸ்லிங்டன் கிரீனில் அப்பர் ஸ்ட்ரீட்டும் எஸ்ஸெக்ஸ் ரோடும் குறுகலாகப் பிரிவதைச் செங்கோணமாக வைத்துக்கொண்டால், அரை மைல் வடக்கே போனதும் எல்லா இடமும் தள்ளிப்போய்விடும்.

தையலுக்கு நூல் வேண்டும். நாலெட்ஜ் மாணவர்கள் சுவர் வரைபடத்தில் இரண்டு இடத்துக்கும் நடுவே பருத்தி நூலை இழுத்துப் பிடிப்பார்கள், வழி அந்த நூலை ஒட்டி அமைய வேண்டும். இதை நீங்கள் ரன்களுக்குத்தான் செய்திருப்பீர்கள். இனி ரன்களின் நடுவிலிருந்து நடுவுக்குச் செய்யுங்கள். 100 பாயிண்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுத் தினமும் ஐந்து சோடி எடுங்கள். ஹைபரி குரோவ், குயின் ஸ்கொயர் என்று வந்தால் முதல் தெருவைத் தேடாதீர்கள். கண்ணை மூடி, 'தென்மேற்கு' என்று முதலில் சொல்லுங்கள். பிறகு தப்ப முடியாத முடிச்சுகள்: ஹைபரி கார்னர், ஏஞ்சல், ரோஸ்பரி அவென்யூவின் தென்மேற்கு முனை. இடைவெளியைக் கடைசியாக நிரப்புங்கள். தேர்ந்த ஓட்டுநர்களும் தெருக்களை வரிசையாக யோசிப்பதில்லை, சிக்கலான சந்திகளைத்தான் முதலில் தீர்க்கிறார்கள் என்று லண்டனில் ஹ்யூகோ ஸ்பியர்ஸ் குழு, அவர்கள் ஒவ்வொரு தெருவைச் சொல்லவும் எடுத்த நேரத்தை அளந்து காட்டியிருக்கிறது. சொல்லி முடித்த பிறகே நூலை வைத்துச் சரிபாருங்கள். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வது பயிற்சியே அல்ல.

தெருக்கள் மாறுவதற்கும் இதுதான் மருந்து. ஹைபரி கார்னரில் முன்பு முழு வட்டச் சுற்று இருந்தது, 2019-இல் மேற்குப் பக்கத்தை மூடி மாற்றியமைத்தார்கள். சங்கிலியாகப் படித்தவருக்கு ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் வரும் எல்லாமே விழும். திசையும் முடிச்சும் தெரிந்தவர் அந்த ஒரு முடிச்சை மட்டும் மாற்றிக் கட்டுவார்.

அப்பியரன்ஸ் அறைக்குள் போனதும் வெறுமையாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடும் பதற்றம் மூளையை வரைபடத்திலிருந்து பழக்கச் சங்கிலியின் பக்கம் தள்ளுகிறது. ரன்னின் முதல் வரி நாக்கில் வந்து நிற்பதும் கேட்ட கேள்வி நழுவுவதும் அதனால்தான். பதற்றத்தோடு பழகுவதே வழி. வாரம் இரண்டு தடவை, உங்களோடு ரன்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகும் கால்-ஓவர் நண்பரை வைத்து, கோட்டும் டையும் அணிந்து, எதிரே உட்கார்ந்து, 'சார்' போட்டுப் பதில் சொல்லுங்கள். கேள்வி முடிந்ததும் ஐந்து விநாடி பேசாமல் இருந்து திசையைப் பிடியுங்கள். அந்த ஐந்து விநாடியில்தான் உங்கள் மதிப்பெண் இருக்கிறது.

வேலை நேரத்தைப் பற்றி. ஒன்பது வருடம் சாட்நாவ் குரலைக் கேட்டு ஓட்டியது மூளையைக் கெடுத்துவிடவில்லை, ஆனால் பயிற்சியும் தரவில்லை. 2017-இல் வெளியான ஆய்வில் சோஹோ தெருக்களின் படத்தில் வழி தேடியவர்களுக்கு, கிளைகள் நிறைந்த தெருவுக்குள் நுழையும்போது ஹிப்போகேம்பஸ் எழுந்தது. சாட்நாவ் சொன்னபடி போனபோது அந்த எழுச்சி இல்லை. அதனால் பயணியை ஏற்றும் முன்பே, வண்டி நிற்கும்போது, திசையையும் முடிச்சுகளையும் சொல்லிவிடுங்கள். சாட்நாவ் ஓடட்டும், குரலை அணைத்துவிட்டு வரைபடத்தை 'வடக்கு மேலே' என்று மாற்றுங்கள். வண்டியோடு சேர்ந்து சுழலும் படம் திசைச் செல்களின் வேலையைத் தானே செய்துவிடுகிறது. உங்கள் வழியும் அதன் வழியும் எங்கே பிரிந்தன என்று பயணம் முடிந்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். பகலில் ஓடிய பாதையை எலியின் இடச் செல்கள் தூக்கத்தில் வேகமாக மறுபடி ஓட்டிப் பார்ப்பது 1990-களிலிருந்தே தெரிந்த விஷயம். இரவு ஷிஃப்ட் முடித்து மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு மொபெட்டில் ஏறினால், முந்தின நாள் ஓடியது சரியாகப் பதியாது. சாலையில் ஆபத்தும் கூட.

தேம்ஸ் தாளைத் தேதியிட்டு வையுங்கள். நான்கு வாரம் கழித்துப் பழையதைப் பார்க்காமல் இன்னொன்று வரைந்து, இரண்டையும் உண்மையான வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். எந்த மூலை இரண்டிலும் ஒரே பக்கமாகக் கோணியிருக்கிறதோ, அடுத்த ஞாயிறு காலை, தெரு வெறிச்சோடியிருக்கும்போது, மொபெட்டை அங்கே கொண்டுபோங்கள்.